தோற்றவர்களை என்ன செய்தார்கள்? ரோமும் மங்கோலியரும்

ஒரு பேரரசு எப்படி அவ்வளவு பெரிதானது என்று கேட்டால், அது தோற்கடித்தவர்களை என்ன செய்தது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ரோமையும் மங்கோலியப் பேரரசையும் அருகருகே வைத்தால் இந்த ஒரு கேள்வியிலேயே நிறைய விளங்கிவிடுகிறது.

கி.மு. 216-ல் இத்தாலியின் கான்னே போர்க்களத்தில், ரோமின் எதிரி நாடான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ஒரே நாளில் ஏறக்குறைய 50,000 ரோமானிய வீரர்களைக் கொன்று குவித்தார். வேறு எந்த அரசும் அத்தோடு சமாதானம் பேசப் போயிருக்கும். ரோம் அடுத்த படையைத் திரட்டியது. ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? ரோம் தன்னிடம் தோற்ற இத்தாலிய நகரங்களிடம் கப்பம் கேட்கவில்லை, படைக்கு ஆள் கேட்டது. வெற்றியில் பங்கும் தந்தது. கப்புவா போன்ற சில நகரங்கள் ஹன்னிபால் பக்கம் சாய்ந்தாலும், ரோமுக்கு மிக நெருக்கமான லத்தீன் நகரங்கள் அவர் பக்கம் போகவில்லை. கி.மு. 202-ல் ஸாமாவில் ஹன்னிபாலே தோற்றார்.

ரோம் தாராள மனதோடு இதைச் செய்ததாக நினைக்க வேண்டாம். கி.மு. 91-ல் அந்த நேச நகரங்களே ஆயுதம் எடுத்த பிறகுதான் அவற்றுக்குக் குடியுரிமை கிடைத்தது. ஆனால் திறந்த கதவு மறுபடி மூடவில்லை. பேரரசுக் காலத்தில், பெரும்பாலும் குடியுரிமை இல்லாதவர்கள் சேர்ந்த துணைப்படையில் 25 ஆண்டு சேவை முடித்தவர் குடிமகனாகி, அதற்குச் சான்றாக வெண்கலத் தகடு பெற்றார். ஸ்பெயினில் பிறந்த டிராஜனும், லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் பிறந்த செவெரஸும் பேரரசர்களே ஆனார்கள். கி.பி. 212-ல் பேரரசர் கரகல்லா, அடிமையல்லாத ஏறக்குறைய எல்லாருக்கும் குடியுரிமை அறிவித்தார். வரி வசூல்தான் நோக்கம் என்று அக்கால வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோ எழுதியிருக்கிறார். இருக்கட்டும், விளைவு விளைவுதான்.

மங்கோலியருக்கு வருவோம். வேகத்தில் ரோம் இவர்கள் பக்கத்தில்கூட நிற்க முடியாது. 1206-ல் செங்கிஸ் கான் பட்டம் ஏற்றார்; 1279-க்குள் சீனக் கடற்கரை முதல் கருங்கடல் வரை அவர் வம்சத்தின் கையில். பழைய குலங்களைக் கலைத்து, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று படையைப் புதிதாக அடுக்கினார். ஒரு போரில் அவர் பக்கம் அம்பு எய்த எதிரி வீரன் பின்னால் பிடிபட்டு அதை ஒப்புக்கொண்டபோது, தண்டிக்காமல் தன் படையில் சேர்த்துக்கொண்டார். அவர்தான் புகழ்பெற்ற தளபதி ஜெபே.

புல்வெளிக் குதிரை வீரர்களுக்குக் கோட்டை மதிலை உடைக்கத் தெரியாது. அந்த வித்தையையும் தோற்றவர்களிடமே எடுத்துக்கொண்டார்கள். 1258-ல் பாக்தாத்தை முற்றுகையிட்ட படையில் சீனப் பொறியாளர்கள் இருந்தார்கள். அந்தப் பக்கம் சீனாவின் சியாங்யாங் கோட்டை 1273-ல் விழுந்தது மேற்காசியப் பொறியாளர்கள் செய்து கொடுத்த கல்லெறி பொறிகளால். சமர்கண்டைப் பிடித்தபோதும் கைவினைஞர்களைத் தனியே பிரித்துக் கொண்டுபோனார்கள்.

திறமையை எடுத்துக்கொண்டார்கள் சரி, அரியணையை மட்டும் பங்கு போடவில்லை. அது செங்கிஸின் வம்சத்துக்கே. அதனால் ஒவ்வொரு சாவும் பேரரசையே உலுக்கியது. 1259-ல் பேரரசராக இருந்த செங்கிஸின் பேரன் மோங்கே இறந்ததும், அவர் தம்பி ஹூலகு பெரும்படையோடு சிரியாவிலிருந்து திரும்பினார். விட்டுச்சென்ற சிறுபடையை 1260-ல் அய்ன் ஜாலூத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் நொறுக்கினார்கள். அதே ஆண்டு மோங்கேயின் மற்ற தம்பிகள் குப்லாயும் அரிக் போகேயும் பட்டத்துக்காக மோதத் தொடங்கினார்கள். 1335-க்குப் பிறகு பாரசீகமும், 1368-ல் சீனாவும் கைவிட்டுப் போயின.

ரோமுக்கும் அரியணைச் சண்டை இருந்தது, இன்னும் மோசமாகவே. கி.பி. 235 முதல் 284 வரை இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள் வந்து போனார்கள், பேரரசு மூன்றாகப் பிளந்தது. ஒட்டவைத்தவர் பேரரசர் ஆரேலியன், நிலைநிறுத்தியவர் பேரரசர் டயோக்ளீஷியன். இருவரும் பால்கன் பகுதிச் சிப்பாய்கள். டயோக்ளீஷியனின் ஊர் இருந்த டால்மேஷியா, கி.பி. 6 முதல் 9 வரை ரோமை எதிர்த்துப் பெரும் கலகம் செய்து அடக்கப்பட்ட மண்.