1,000 லிட்டர் மிதவை டிரம் பயோகேஸ் கலன்: போட்ட கார்பன்தான் எரியும்

கொல்லையிலோ மொட்டைமாடியிலோ வைத்துக்கொள்ளலாம் என்று விற்கப்படும் பிளாஸ்டிக் பயோகேஸ் கலன்களில் அதிகம் போவது 1,000 லிட்டர் அளவுதான். கீழே தொட்டி, அதற்குள் கவிழ்த்து வைத்த 750 லிட்டர் டிரம். ஒரு பக்கம் சமையலறைக் கழிவு போடும் குழாய், மறுபக்கம் கரைசல் வழியும் குழாய், டிரம்மின் தலையில் வாயு வால்வு. வாயு சேரச் சேர டிரம் எழும்பும், எரிக்க எரிக்க இறங்கும். உடைவதற்கும் துருப்பிடிப்பதற்கும் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. குறை சொல்ல வேண்டியது பொருளைப் பற்றி அல்ல, அதை விற்கும் கணக்கைப் பற்றி.

"தினம் 2 மணி நேரம் எரியும்" என்று துண்டுச் சீட்டில் போட்டிருப்பார்கள். சிறிய பர்னரில் எரியத்தான் செய்யும், தினமும் 5 கிலோ கழிவு போட்டால். நான்கு பேர் உள்ள வீட்டில் 1 முதல் 1.5 கிலோ தேறினாலே அதிகம். அதற்குக் கிடைப்பது 0.1 முதல் 0.15 கன மீட்டர் வாயு, ஏறக்குறைய அரை மணி நேரத் தீ. ஒரு கன மீட்டர் பயோகேஸ் சுமார் 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம். அப்படியானால் மாதம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ மிச்சம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சம் பிடிக்க ஏழு முதல் பத்து மாதம் ஆகும். மெஸ் நடத்துபவர், வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து கொடுப்பவர், மாடு வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் முதலில் ஒரு வாரம் தங்கள் குப்பையை எடை போட்டுப் பார்க்கட்டும்.

காரணம் எளிது. தொட்டி வாயுவை உண்டாக்குவதில்லை. உணவில் உள்ள கார்பன்தான் வாயுவாகிறது. காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடை நெற்பயிர் இலைவழி எடுத்து மாவுச்சத்தாக்குகிறது. காற்றுப் புகாத கரைசலுக்குள் நுண்ணுயிர்கள் அதைப் பிரித்து, ஒரு பகுதியை மீத்தேனாகவும் மறு பகுதியை மீண்டும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேற்றுகின்றன. இரண்டு வாயுவிலும் மூலக்கூறுக்கு ஒரு கார்பன் அணுதான். அதனால் கலவை எப்படி இருந்தாலும், ஒரு கன மீட்டர் பயோகேஸில் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான கார்பன் இருக்கும். அவ்வளவு கார்பனைக் கழிவாக உள்ளே போடாமல் அவ்வளவு வாயுவை எந்தக் கலனாலும் தர முடியாது.

போடுவதிலும் தரம் உண்டு. ஒரு கிலோ பழைய சோறு 0.2 கன மீட்டர் அளவுக்குத் தரும். காய்கறித் தோலும் தண்டும் அதில் கால் பங்குதான், பெரும்பகுதி தண்ணீர். புதுச் சாணம் 0.04. சாணம் இவ்வளவு குறைவாகத் தருவதில் வியப்பில்லை: எளிதில் செரிக்கும் கார்பனை மாட்டின் முதல் வயிறே எடுத்துக்கொண்டுவிட்டது, ஏப்பமாக மீத்தேனையும் விட்டுவிட்டது. மிஞ்சியது நார். புனேயின் ஆர்த்தி நிறுவனத்தில் ஆனந்த் கர்வே குழுவினர் இதைத்தான் பிடித்துக்கொண்டு, சாணத்துக்குப் பதில் மாவுச்சத்தை உணவாக்கிச் சிறிய வீட்டுக் கலனை உருவாக்கினார்கள். 2006இல் அதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது.

ஆனாலும் தொடங்குவதற்குச் சாணமில்லாமல் ஆகாது, மீத்தேன் நுண்ணுயிர் அதில்தான் வருகிறது. குறைந்தது 200 கிலோ புதுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, வைக்கோலையும் கல்லையும் வடிகட்டி ஊற்றி, மேலே தண்ணீர் நிரப்ப வேண்டும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் டிரம் எழும்பும். முதலில் வரும் வாயுவைப் பற்றவைக்கக் கூடாது. அதில் உள்ளே தங்கியிருந்த காற்று கலந்திருக்கும், காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் வெடிக்கும். ஒரு டிரம் வாயுவைத் திறந்த வெளியில் விட்டுவிட்டு அடுத்ததை அடுப்பில் பாருங்கள். நீலமாக நின்று எரிந்த பிறகு அரை கிலோ கழிவில் ஆரம்பித்து, வாரத்துக்கு அரை கிலோ வீதம் ஏற்றலாம். கழிவின் எடைக்குச் சமமாகத் தண்ணீர். அரிசி கழுவிய கழனியும் வடித்த கஞ்சியும் அதைவிட நல்லது.

பலருக்குக் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். விசேஷம் முடிந்து மிஞ்சிய பத்து கிலோ சோற்றை ஒரே நாளில் கொட்டுவார்கள். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர் வேகமாகப் பெருகும், அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தருபவை மெதுவாகவே பெருகும். அமிலம் தேங்கி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.5க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் நின்றுவிடும். அப்போதும் டிரம் எழும்பும், ஏனென்றால் கார்பன் டை ஆக்சைடு வந்துகொண்டிருக்கும். ஆனால் தீ பிடிக்காது. சாண வாடை போய்ப் புளித்த மாவு வாடை வருவது முதல் அறிகுறி. ஒரு வாரம் எதுவும் போடாமல் விட்டு, இரண்டு வாளி சாணக் கரைசல் ஊற்றுங்கள். அப்படியும் பிஎச் ஏறாவிட்டால் 200 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றி, மறுநாள் பிஎச் தாள் வைத்துப் பாருங்கள். 7ஐ ஒட்டி வந்ததும் மறுபடி அரை கிலோவிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் மீண்டும் புளிக்கும்.

போடக் கூடாதவை: தேங்காய் நார், கரும்புச் சக்கை, மென்று துப்பிய முருங்கைச் சக்கை. இவற்றில் உள்ள லிக்னின் என்ற கடினமான நார்ப்பொருள் காற்றில்லாத இடத்தில் கரையாது, மேலே ஆடை கட்டி வாயுவைத் தடுக்கும். இந்தக் கார்பன் மண்ணுக்குப் போக வேண்டியது, கம்போஸ்ட் குழியில் போடுங்கள். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் எண்ணெய் நுண்ணுயிரைக் கொல்லும். முட்டை ஓடும் எலும்பும் அடியில் தங்கிவிடும். பினாயில், சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் ஆகாது.

வாயுக் குழாய்க்கு வருவோம். ஈரத்தோடு வரும் வாயு குழாயின் தாழ்ந்த இடத்தில் குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும், அடுப்பில் தீ துள்ளித் துள்ளி எரியும். அந்தத் தாழ்வில் ஒரு T வடிவ இணைப்பும் வடிகால் வால்வும் இல்லாமல் மாட்டிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்க இரும்பு நார் அடைத்த குழாய் வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பளபள ஸ்டீல் நார் இதற்கு உதவாது, துருப்பிடிக்கும் இரும்புதான் வேலை செய்யும். கறுத்ததும் மாற்றிவிடுங்கள். எடுத்த நாரைக் காற்றில் வைத்தால் சூடேறும், சில சமயம் பற்றிக்கொள்ளவும் செய்யும். வெளியே சிமெண்ட் தரையில் போடுங்கள்.

எல்பிஜி அடுப்பை அப்படியே மாட்டினால் தீ சோர்ந்துதான் எரியும். பயோகேஸுக்கு வாயு வெளிவரும் ஜெட் துளை பெரிதாக வேண்டும், அழுத்தமும் வேண்டும். 1 மீட்டர் விட்டமுள்ள டிரம்மில் ஒவ்வொரு 8 கிலோ எடைக்கும் 1 செ.மீ. தண்ணீர் அழுத்தம் கிடைக்கும். 20 கிலோ டிரம் தன் எடையால் தருவது இரண்டரை செ.மீ. மட்டுமே. அடுப்புக்கு 8 செ.மீ. வேண்டுமானால் மேலே 40 கிலோவுக்குச் சற்று அதிகமாக மணல் மூட்டைகளைச் சமமாகப் பரப்பி வையுங்கள். ஒரு பக்கமாக வைத்தால் டிரம் சாய்ந்து, வாயு ஓரமாகக் கொப்பளித்துப் போய்விடும்.

இந்தக் கலனின் உண்மையான பலவீனம் அந்த ஓரம்தான். தொட்டிக்கும் டிரம்முக்கும் இடையே கரைசல் திறந்து கிடக்கிறது, அங்கே உண்டாகும் மீத்தேன் நேராக வானத்துக்குப் போகிறது. எரித்தால் வருவது, நெற்பயிர் சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்த அதே கார்பன் டை ஆக்சைடு, கணக்கு நேராகிவிடும். எரியாமல் போனால், ஒரு கிலோ மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூடேற்றும். ஒரு கன மீட்டர் பயோகேஸ் எல்பிஜியில் மிச்சப்படுத்துவது ஏறக்குறைய 1.35 கிலோ கார்பன் டை ஆக்சைடு; அது எரியாமல் கசிந்தால் வரும் கேடு 10 கிலோவுக்குச் சமம். ஆக, எட்டில் ஒரு பங்கு கசிந்தாலே எல்பிஜியில் கண்ட லாபம் போயிற்று. இதே கழிவு சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போயிருந்தால் அங்கேயும் மீத்தேனாகியிருக்கும் என்பது உண்மைதான், அதற்காக நம் வீட்டுக் கசிவு சரியாகிவிடாது. எனவே தனித் தண்ணீர் வளையத்தில் டிரம் மிதக்கும் மாதிரி கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் கடையிலேயே டேப் வைத்து இடைவெளியை அளந்து, குறைவானதை எடுங்கள். டிரம் நிரம்பிவிட்டால் வாயுவைத் திறந்துவிடாமல் வெந்நீராவது வைத்து எரித்துவிடுங்கள். ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே கழிவை நிறுத்துங்கள். இணைப்புகளில் மாதம் ஒருமுறை சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

மொட்டைமாடிக்காரர்களுக்கு ஒன்று. நிரம்பிய தொட்டி ஒரு டன்னுக்கு மேல் கனக்கும், அதுவும் ஒரு சதுர மீட்டர் இடத்தில். ஆள் நடமாடும் மாடித் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்கே கணக்கிடப்படுகின்றன. சுவர் மேலோ பீம் மேலோ வைக்க முடியுமா என்று பொறியாளரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். வெயில் படும் தரைதான் சிறந்த இடம். கரைசல் 30 முதல் 38 டிகிரி வரை இருந்தால் நன்றாக வேலை நடக்கும், 20க்குக் கீழே மந்தமாகிவிடும். ஊட்டி, கொடைக்கானலில் இந்தக் கலனைப் பரிந்துரைக்க மாட்டோம்.

வெளியே வழியும் கரைசலில் நைட்ரஜன் ஏறக்குறைய அப்படியே இருக்கும், செரிக்காத கார்பனும் மிச்சமிருக்கும். செடிக்கு நேராக ஊற்றினால் வேர் கருகும். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து வேரோரம் ஊற்றலாம். மிஞ்சியதைக் காய்ந்த இலைச் சருகில் ஊற்றி மக்கவிடுங்கள். வழியும் குழாயின் வாய்க்கும் வாளிக்கும் நைலான் வலை கட்டுங்கள், கொசு முட்டையிட அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது.