லேசரை நம்பிக் கெட்ட ஒன்றரை வருடம்

என்னிடம் இருப்பது எட்டு அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி. 1200 மி.மீ. குவியத் தூரம், அதாவது கண்ணாடி விட்டத்தைப் போல் ஆறு மடங்கு (எஃப்/6). வாங்கி ஆறு வருடம் ஆகிறது. அதில் முதல் ஒன்றரை வருடம் கண்ணாடிகளை நேர்படுத்த உதவும் லேசர் கோலிமேட்டரை மட்டுமே நம்பி ஓட்டினேன்.

வேலை என்னவோ சுலபம்தான். லேசரை, ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) செருகும் குழாயான ஃபோகஸரில் செருகி, செகண்டரி எனும் சின்னக் கண்ணாடியின் திருகுகளைத் திருப்பிச் சிவப்புப் புள்ளியைப் பெரிய கண்ணாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையத்துக்குள் கொண்டுவர வேண்டும். அப்புறம் அடியிலுள்ள மூன்று திருகுகளால், திரும்பி வரும் ஒளியை லேசரின் துளையிலேயே சேர்க்க வேண்டும். இரண்டே நிமிடம். ஆனால் சனியின் வளையங்களுக்கு இடையிலுள்ள காசினி இடைவெளி மட்டும் ஒருநாளும் சுத்தமாகப் பிரிந்து தெரியவில்லை. காற்று மண்டலம் கலங்கியிருக்கிறது என்று வானத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் லேசரை ஃபோகஸருக்குள்ளேயே மெல்லத் திருப்பிப் பார்த்தேன். அசையாமல் நிற்க வேண்டிய புள்ளி வட்டம் போட்டது! ஃபோகஸரின் தொளதொளப்பாகவும் இருக்கலாமே என்று, ஒரு பலகையில் நான்கு ஆணி அடித்து அதன்மேல் லேசரைக் கிடத்தி, எதிர்ச் சுவரில் ஒளியைப் பாய்ச்சி உருட்டினேன். அங்கேயும் வட்டம். கோணல் லேசரில்தான். அதன் உடம்பில் ரப்பர் மூடிக்குக் கீழே மூன்று குட்டித் திருகுகள் இருந்தன. அவற்றைத் திருகித் திருகி அந்த வட்டத்தைப் புள்ளியாக்க ஒரு மாலை முழுக்கப் போனது.

இப்போது செகண்டரியைப் பகல் வெளிச்சத்தில் செஷயர் ஐபீஸ் (லேசர் இல்லாமல் கண்ணால் பார்த்து நேர்படுத்தும் கருவி) வைத்துப் பார்க்கிறேன். குழாயைப் படுக்கவைத்துத்தான் அதைத் தொடுவேன். ஆலன் கீ கை நழுவினால் நேரே பெரிய கண்ணாடியில்தான் போய் விழும். செகண்டரி ஒருமுறை சரியாக உட்கார்ந்தால் மாதக்கணக்கில் நகராது. தூக்கிச் சுமக்கும்போது ஆடுவது பிரைமரி எனும் பெரிய கண்ணாடிதான். பூட்டுத் திருகுகளை அழுத்தி இறுக்கும்போதே அது நகர்ந்துவிடும். அதனால் அவற்றை விரல் நுனியால் தொட்டுவிடுவதோடு சரி.

கடைசித் தீர்ப்பு நட்சத்திரத்துடையது. கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வர ஒரு மணி நேரம் விட்டு, 6 மி.மீ. ஐபீஸில், அதாவது 200 மடங்கில், துருவ நட்சத்திரத்தைப் பார்ப்பேன். மோட்டார் இல்லாத டாப்சோனியனுக்கு நகராத நட்சத்திரம் ஒரு வரம். ஃபோகஸைத் துளி கலைத்தால் வளையங்கள் ஒரே மையத்தில் அமைய வேண்டும். ஒரு பக்கம் நெருங்கினால் அடித் திருகில் கால் சுற்றுக்கும் குறைவு போதும். ஒவ்வொரு திருப்பலுக்கும் நட்சத்திரம் நடுவிலிருந்து நகர்ந்துவிடும். அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவராமல் வளையத்தைப் பார்த்தால் ஓரத்தில் வரும் கோமா எனும் உருவச் சிதைவு உங்களை ஏமாற்றும். நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

லேசரைத் தூக்கி எறியவில்லை. அதை இப்போது உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸில் செருகிப் பயன்படுத்துகிறேன். ஒளி விரிந்து, நடு வளையத்தின் நிழல் லேசரின் முகப்பில் விழுகிறது. நிழலை நடுவில் நிறுத்தினால் பிரைமரி முடிந்தது. லேசர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இந்த முறையில் பாதகமில்லை.