வள்ளத்தில் ஏறமுதல் ஜக்கெற்றை இழுத்துப் பாருங்கோ

யாழ்ப்பாணத்துத் தீவகக் கடற்கரை ஒன்றில் வள்ளச் சவாரிக்குப் போன 9 பேரிடம் ஆளுக்கு ஆள் காசு வாங்கிவிட்டு, 9 செம்மஞ்சள் உயிர்காப்பு ஜக்கெற் கொடுத்திருக்கிறார்கள். கரைக்கு வந்து கழற்றினால் நாலு ஜக்கெற் ஈயக்குண்டு மாதிரிக் கனத்தது. பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது. உள்ளே இருந்தது மெத்தை ஸ்பொஞ். காசைத் திருப்பிக் கேட்டதற்கு, “இஞ்ச இடுப்பளவு தண்ணிதானே அண்ணை” என்று பதில்.

இடுப்பளவு என்பது கரையில். காரைநகர் கசூரினா கடற்கரையிலும் நெடுந்தூரம் நடந்து போகலாம்தான். ஆனால் வள்ளம் அந்த இடத்தில் நிற்பதில்லையே.

நல்ல ஜக்கெற்றின் உள்ளே இருப்பது தண்ணீரை உறிஞ்சாத, மூடிய கண்ணறைகள் கொண்ட ஃபோம். பெருவிரலால் அழுத்தினால் உடனே மேலெழும்ப வேண்டும். அமுங்கினபடியே கிடந்தாலோ, மொறுமொறுவென்று நொறுங்கினாலோ வேண்டாம். வள்ளத்தில் ஜக்கெற்றைப் போட்டு அதன்மேல் இருந்து இருந்தே பலதின் ஃபோம் தட்டையாகிவிடுகிறது. நிறம் வெளிறியிருந்தால் துணியைவிட நூலைத்தான் சந்தேகிக்க வேண்டும்: வெயிலில் முதலில் இத்துப்போவது தையல். பட்டியைப் பிடித்து முழுப்பலத்தோடு இழுங்கோ, கிளிப்பைப் பூட்டி இழுங்கோ. பருத்தி நூலால் திருப்பித் தைத்தது என்றால் கையோடு வரும்.

உள்பக்க லேபிளில் நியூட்டன் கணக்கு, அதாவது ஜக்கெற் எவ்வளவு பலமாக மிதக்க வைக்கும் என்ற அளவு, இருக்கும். 50 என்றால் நீந்தத் தெரிந்தவர் கரைக்குப் பக்கத்தில் போடுவது. அது மயங்கினவரின் முகத்தை மேலே திருப்பாது. நீந்தத் தெரியாதவருக்கு ஆகக் குறைந்தது 100, அதுவும் அலையில்லாத இடத்தில். லேபிளே இல்லையென்றால் ஒரு வழி: 8 கிலோ கல்லைக் கட்டித் தண்ணீரில் விடுங்கோ. தண்ணீருக்குள் அந்தக் கல் ஏறக்குறைய 5 கிலோ பாரம்தான் காட்டும். 50 நியூட்டன் ஜக்கெற்றே அதைத் தாங்க வேண்டும். கால்மணித்தியாலம் விட்டுப் பாருங்கோ. ஸ்பொஞ் முதல் நிமிடத்தில் மிதந்து பிறகுதான் தாழும். (இதைச் செய்ய விடாத வள்ளக்காரரிடம் ஏறவே தேவையில்லை.)

பிள்ளைகளுக்குப் பெரியாக்களின் ஜக்கெற்றை இறுக்கிக் கட்டி விடுவது ஆகப் பெரிய பிழை. தண்ணீரில் விழுந்ததும் ஜக்கெற் மேலே போகும், பிள்ளை கீழே வழுகும். இரண்டு தோளிலும் பிடித்துத் தூக்கிப் பாருங்கோ: காதுவரை ஏறினால் அளவில்லை. பிள்ளைகளின் ஜக்கெற்றில் தலையைத் தாங்குகிற கழுத்துப்பட்டியும், காலுக்கு இடையால் வரும் பட்டியும் இருக்க வேண்டும்.

வள்ளத்தின் அணியத்தில் (முன்பக்கத்தில்) எழுதியிருக்கிற இலக்கத்தைக் காட்டி “பதிஞ்ச வள்ளம்” என்பார்கள். மீன்பிடிக்குப் பதிந்த இலக்கமா, ஆட்களை ஏற்றப் பதிந்ததா என்று கேளுங்கோ.

வாடகைக்குக் கொடுக்கிற, காற்றடைத்த மிதவை ரியூப்பில் இதைவிட மோசம். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் வடகரையில் கடல் எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடக்கும், ஏனென்றால் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அந்தக் காற்றுத்தான் ரியூப்பையும் கொண்டுபோகும். பின்னேரம் காற்றுக் கூடினபிறகு கையால் வலித்துத் திரும்ப ஏலாது. 20 மீற்றர் கயிறு கட்டி, மற்ற நுனியைக் கரையில் ஒருவர் பிடித்திருந்தால் மட்டும் பிள்ளைகளை விடுங்கோ.