டூரிங் பைக்குக்கு குரோமா, கறுப்பு பவுடர் கோட்டிங்கா?

ராயல் என்ஃபீல்டின் டூரிங் பைக்கான சூப்பர் மீட்டியார் 650 வாங்கியவர்கள் அடுத்துக் குழம்புவது லெக் கார்டிலும் லக்கேஜ் ரேக்கிலும்தான். எடைக்காக யோசிக்காதீர்கள். வண்டியே 241 கிலோ.

துரு: இங்கேதான் விஷயமே. குரோம் முலாம் தலைமுடியைவிட மெல்லியது. இரும்பைக் காப்பது பெரும்பாலும் அடியிலுள்ள நிக்கல் பூச்சு. மலிவு சரக்கில் அதுவும் மெல்லிசாக இருக்கும். ஈசிஆர் பக்கம் அடிக்கடி போனால் உப்புக்காற்று நுண்துளை வழியாக இறங்கிப் பழுப்புப் புள்ளி வைத்துவிடும்.
பவுடர் கோட்டிங் (பொடிப் பெயின்டைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படிய வைப்பது) தடிமன். ஆனால் கல் தெறித்து உரிந்த இடத்தில் துரு பூச்சுக்கடியில் ஊர்ந்து பரவும்.

பழுது: குரோம் உரிந்தால் முழுக்க நீக்கி மறுபடி முலாம் போட வேண்டும்.
கறுப்புக்குச் சின்ன டப்பா பெயின்ட் போதும்.

பராமரிப்பு: குரோமுக்குத் துணியும் கையுமாக அலைய வேண்டும்.
கறுப்பில் தூசி தெரியும், உறுத்தாது.

வெயில்: ஹேண்டில்பார் குரோம் உச்சிவெயிலில் கண்ணைக் கூசும்.

மழையிலும் நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்குக் கறுப்பு. மூடிய பார்க்கிங், ஞாயிறு ஓட்டம், துடைப்பதே சுகம் என்பவர்களுக்குக் குரோம். சரி, சைலன்சர்? சாதாரண பவுடர் கோட்டிங் அந்தச் சூட்டைத் தாங்காது, அதில் மட்டும் பூசாதீர்கள்.