ஏழு உயிர்கள், இரண்டு தீர்ப்புகள்: மருத்துவமனையா, சிறையா?

இரண்டு துப்பாக்கிச் சூடுகள். இரண்டும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில். இரண்டிலும் ஏழு பேர் பலி. சுட்ட இருவருக்கும் பாரனாய்டு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது பிறர் தனக்குத் தீங்கு செய்கிறார்கள் என்று நம்பவைக்கும் மனநோய்.

1976 ஜூலை 12, ஃபுல்லர்டன் பல்கலைக்கழக நூலகம். சுட்டவர் அங்கேயே துப்புரவுப் பணியாளர். கொலைக் குற்றவாளி என்றது ஜூரி, அதாவது பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழு. சுட்டபோது சித்தம் தெளிவாக இருந்ததா என்பதில் ஒருமனதாகவில்லை. கடைசியில் நீதிபதி, மனநோயால் குற்றப்பொறுப்பு இல்லை என்றார். அப்புறம் சிறை இல்லை, அரசு மனநல மருத்துவமனைதான். இத்தனை ஆண்டு என்ற கணக்கே கிடையாது. குணமாகிவிட்டது என்று விடுதலை கேட்கலாம், கேட்டார். இறந்தவர்களின் குடும்பத்தார் எதிர்த்து நின்றார்கள். ஆறிவந்த புண்ணைக் கீறிவிட்டதுபோல் இருந்திருக்கும். வளாகத்தில் அந்த ஏழு பேர் நினைவாக ஏழு பைன் மரங்கள்.

2012 ஏப்ரல் 2, ஓக்லாண்டின் ஓய்கோஸ் பல்கலைக்கழகம். சுட்டவர் முன்னாள் நர்சிங் மாணவர். இவரையும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், ஆனால் விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலைக்குக் கொண்டுவர மட்டும். 2017-ல் குற்றச்சாட்டை மறுக்கவில்லை. ஏழு ஆயுள் தண்டனை. 2019-ல் சிறையில் இறந்தார்.

நோயாளிக்கு முதல் வழிதான் நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் அதை என்னால் சொல்ல முடியாது.