வடசென்னை ரேஷன் கடை: எதில் மிச்சம், எங்கே கோட்டை விடுகிறோம்

ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் மளிகைச் செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய குடும்பத்துக்கு ரேஷன் கடையை விட்டால் வேறு நல்ல கடை கிடையாது. ஆனால் கார்டில் உள்ளது அத்தனையும் வீடு வந்து சேர்வது எந்த நாளில் போகிறோம், பில்லை எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் விலை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு பாக்கெட் 25 ரூபாய். வெளியில் இரண்டுமே நூறைத் தாண்டியவை. இந்த இரண்டை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வாங்கினாலே 150 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். சர்க்கரை கிலோ 25 ரூபாய். 2017 நவம்பரில்தான் 13.50-லிருந்து ஏற்றினார்கள். மிக வறிய குடும்பங்களுக்கான அந்த்யோதயா கார்டுக்கு மட்டும் பழைய விலையே தொடர்கிறது. ஆளுக்கு அரை கிலோ, கார்டுக்கு அதிகபட்சம் 2 கிலோ.

பாமாயிலை ஒரு மாதம்கூட விடாதீர்கள். 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கு ஒன்றிய அரசு 20 சதவீதம் அடிப்படை இறக்குமதி வரி போட்டதும் மளிகைக் கடை விலை எகிறியது. 2025 மே கடைசியில் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். இத்தனை ஏற்ற இறக்கத்திலும் ரேஷன் பாக்கெட் 25 ரூபாயிலேயே நின்றது. வித்தியாசத்தை மாநில அரசு ஏற்கிறது.

இந்தச் சேவையின் பெரிய குறையும் பருப்பு, எண்ணெயில்தான் இருக்கிறது. அரிசி ஆள் கணக்குப்படி கூடுகிறது. ஒருவருக்கு 12 கிலோ, இருவருக்கு 16, மூவருக்கு 20. முன்னுரிமை (PHH) கார்டில் நாலு பேருக்கு மேல் போனால் தலைக்கு 5 கிலோ. பருப்பும் எண்ணெயுமோ கார்டுக்கு ஒன்றுதான். தனியாக இருக்கும் பாட்டிக்கும் ஒரு கிலோ, ஆறு பேர் சாப்பிடும் வீட்டுக்கும் அதே ஒரு கிலோ. மாமனார், மாமியார், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே கார்டில் இருக்கும் வீடுகள் வடசென்னையில் ஏராளம். வயிற்றுக்குச் சோறு போட்டுப் புரதத்தை விட்டுவிடும் கணக்கு இது. அரசு மாற்ற வேண்டியது இதைத்தான்.

மகனுக்குத் திருமணமாகித் தனிச் சமையல் என்றால் தனிக் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டுத்தான் புதியதற்குப் பதிய வேண்டும். பலருடைய மனு தள்ளுபடியாவது இந்த வரிசை மாறுவதால்தான். முகவரிச் சான்று, ஆதார், கேஸ் இணைப்பு விவரம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.

அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். பொன்னி மட்டுமே இறங்கும் என்பவர்கள்கூட புழுங்கலரிசியை இட்லி, தோசைக்கு வாங்கலாம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, நாலைந்து மணி நேர ஊறல், மாவு நன்றாகவே வரும். வெளியே 25 கிலோவுக்குப் பதில் 26 கிலோ மூட்டை விற்கிறார்களே, அதற்கும் காரணம் வரிதான்: 2022 ஜூலை முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. 26 கிலோ மூட்டைக்கு அது இல்லை. மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ரேஷன் அரிசியில் கொஞ்சம் வெளுப்பாக, நிறம் மாறித் தெரிவது செறிவூட்டிய அரிசி. பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்து, நூறுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். கஞ்சி வடித்துச் சமைத்தால் சத்தில் ஒரு பகுதி கஞ்சியோடு போகும். அதைக் கொட்ட வேண்டாம். வாடை அடிக்கும், பூச்சி விழுந்த அரிசி என்றால் வேறு மூட்டையிலிருந்து கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இனி நாள் கணக்கு. சென்னையில் கடை நேரம் காலை 8.30 முதல் 12.30, பிற்பகல் 3 முதல் 7. பருப்பும் பாமாயிலும் மாநில அரசு டெண்டர் விட்டு வாங்குபவை. எனவே சில நாட்களில் அரிசி வந்திருக்கும், அவை வந்திருக்காது. 2024 மே மாதம் தேர்தல் நடத்தை விதிகளால் கொள்முதல் தள்ளிப்போய், அந்த மாதச் சரக்கை ஜூனில் கொடுத்தார்கள். மற்ற மாதங்களில் அப்படி அடுத்த மாதம் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். மாதக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் கூட்டமும் அதிகம், சரக்கும் தீர்ந்திருக்கும்.

காசிமேட்டில் மீன் வெட்டுபவர்கள், ஐஸில் கை வைப்பவர்கள், பாத்திரம் துலக்குபவர்கள் ஆகியோருக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் ஏற்காவிட்டால் ஈரத்தைத் துடைத்து, வேறு விரலை வைத்துப் பாருங்கள். கருவிழி பதியும் கருவி உள்ள கடையில் அதைக் கேளுங்கள். கார்டில் உள்ள வேறொருவர் வந்து ரேகை வைத்தாலும் போதும்.

எடை போடும்போது தட்டு காலியாக, திரை பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கிடங்கிலிருந்து வரும் மூட்டையிலேயே எடை குறைகிறது என்பது ஊழியர்களின் நீண்ட காலப் புகார். அதில் நியாயம் இருக்கலாம். அதற்காக அந்தக் குறைவு உங்கள் பையில் விழக் கூடாது. பில் போட்டதும் பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பருப்புக்கு அதில் பில் இருந்தால் அங்கேயே கேளுங்கள். பழைய எண்ணை மாற்றாமல் விட்டவர்களுக்கு இந்தத் தகவலே வராது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சோப்பு, உப்பு, டீத்தூள் வாங்கினால்தான் பருப்பு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. புகாருக்கு 1967. எண்ணை அழைத்துப் பலனில்லை என்றால் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை உணவுப் பொருள் வழங்கல் துறையின் மண்டல உதவி ஆணையர் அலுவலகக் குறைதீர் முகாமுக்கு நேரில் போங்கள். பெயர் சேர்ப்பு, நீக்கம், எண் மாற்றமும் அங்கே நடக்கும்.

முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டத்தை 2025 ஆகஸ்ட் 12 அன்று அப்போதைய முதல்வர் ஸ்டாலின் தண்டையார்பேட்டையில்தான் தொடங்கி வைத்தார். தராசும் பில் இயந்திரமும் வண்டியோடு வரும். முதியவர்கள் மட்டும் உள்ள வீடு என்றால், பட்டியலில் பெயர் இருக்கிறதா, இந்த மாதம் உங்கள் தெருவுக்கு எந்தத் தேதி என்று கடையில் கேட்டு வையுங்கள். மாடிப்படி ஏற முடியாத வண்டிக்காரருக்காகக் கீழ் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைப்பதும் நல்லது.