தங்கச்சிமடத்துக்காரனுக்கு சி ஃபார்ம்

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை ஜூனில் என்பதால், ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் ஊர் தங்கச்சிமடத்துக்கு வருவதும் அப்போதுதான். சித்தப்பா வீட்டில் கல்யாணக் கூட்டம், படுக்க இடமில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கவுன்டரில் இருந்த தம்பிக்கு முகம் மாறிவிட்டது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்பதால், தங்குகிறவரின் விவரத்தை இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்கும் சி ஃபார்ம் ஏற்றவேண்டியிருந்தது. இணையம் சுற்றிக்கொண்டே இருக்க, முக்கால் மணி நேரம் பெட்டிகளோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"நான் தங்கச்சிமடத்துக்காரன் தம்பி."

"பேச்சுலயே தெரியுதுண்ணே. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

வெந்நீர் விடியற்காலை இரண்டு மணி நேரம் மட்டும். யோசித்தால் அதிலும் கணக்கு இருக்கிறது. வருகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, மத்தியானம் தனுஷ்கோடி பார்த்துவிட்டு ராத்திரியே கிளம்பிவிடுகிறார்கள். லாட்ஜ், ஆட்டோ, சாப்பாட்டுக்கடை எல்லாமே அந்த ஒருநாள் ஆளை நம்பி ஓடுகின்றன. இரண்டாம் நாளும் இருப்பவனை எங்கே அனுப்புவது என்று ஆட்டோக்காரருக்கே தெரியவில்லை. மறுபடி தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கே கூப்பிட்டார். 2017இல் தார்ச்சாலை வந்தபிறகு அங்கே கார் நிறுத்த இடமில்லாத அளவுக்குக் கூட்டம். கழிப்பறைக்குத்தான் என் மனைவி அலைந்த அலைச்சலைச் சொல்லி மாளாது.

ரயிலைக் குறை சொல்லமாட்டேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபிறகு வந்தபோதெல்லாம் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தோம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் இந்த முறை நேராக வந்து இறங்கினோம். ஆட்கள் நெம்புகோலைத் தள்ளித் திறந்த 1914ஆம் வருடப் பாலம் பக்கத்திலேயே நின்றது. புதியதில் கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே ஏறுகிறது. என் மகன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

மீன்தான் ஏமாற்றம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் வரிசை கட்டிக் கிடந்தது. நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் மீன், அவர்கள் சொல்வதுதான் விலை. சரி, கருவாடாவது வாங்குவோம் என்று பாம்பனில் ஒரு அக்காவிடம் நின்றேன். நெத்திலியைத் தமிழ்ப் பேப்பரில் மூன்று சுற்று, பாலிதீனில் இரண்டு, அதற்குமேல் டேப்.

"பிளேன்லயா? எத்தனை பேருக்குக் கட்டியிருக்கேன், மூக்கை வச்சுப் பாருங்க."

பார்த்தேன். லேசாக வந்தது. இன்னொரு சுற்று சுற்றச் சொன்னேன்.